அயர்லாந்து ஏன் இரண்டானது: எந்த எல்லைக்குள் ஓட்டை எண்ணுவது?

அயர்லாந்து என்றதும் பலருக்கும் ஒரே நாடுதான் மனதில் வரும். வரைபடத்தில் அந்தத் தீவைக் கிட்டத்தில் பார்த்தால் வடகிழக்கு மூலையில் ஒரு துண்டு மட்டும் வேறு நிறத்தில் இருக்கும். அது வட அயர்லாந்து, தலைநகர் பெல்ஃபாஸ்ட், இன்றைக்கும் பிரிட்டனோடு சேர்ந்தது. மீதி முழுவதும் அயர்லாந்துக் குடியரசு, தலைநகர் டப்ளின், தனி நாடு, ஐரோப்பிய ஒன்றியத்தில் உறுப்பினர். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 500 கிலோமீட்டர் எல்லை. இது எப்படி வந்தது, நூறு வருடம் கழிந்தும் ஏன் பேசித் தீரவில்லை என்பதை, இதை முதல்தடவை படிக்கிறவருக்கும் புரிகிற மாதிரி சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். அயர்லாந்துப் பிரச்சினை என்று நாம் ஒரே பெயரில் சொல்வதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பிரிட்டனிடமிருந்து எவ்வளவு விடுதலை வேண்டும் என்பது ஒன்று. அந்த விடுதலையைக் கேட்கிற 'நாம்' யார், பெரும்பான்மை என்று சொல்வதற்கு எந்த எல்லைக்குள் இருக்கிறவர்களை எண்ணுவது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு 1949-க்குள் விடை கிடைத்துவிட்டது. இரண்டாவதுதான் ஆளை விழுங்கியது. பெரும்பாலான அறிமுகக் கட்டுரைகள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, கடைசியில் மதச் சண்டை என்று முடித்துவிடுகின்றன. அங்கேதான் எனக்கு மனத்தாங்கல்.

தீவில் மொத்தம் 32 கவுண்டிகள், நம் மாவட்டங்கள் போல என்று வைத்துக்கொள்ளலாம். இவை நான்கு மாகாணங்களாகக் கூட்டப்பட்டவை. வடக்கே இருக்கும் மாகாணம் அல்ஸ்டர், அதில் 9 கவுண்டிகள். இந்த 32, 9, அப்புறம் வரப்போகிற 6, இந்த மூன்று எண்களை மட்டும் மறக்காமல் வைத்துக்கொண்டால் மீதிக் கதை தானாக விளங்கும்.

1607-ல் அல்ஸ்டரின் கேலிக் (பூர்விக ஐரிஷ்) பிரபுக்கள் ஆங்கிலேய ஆட்சியிடம் தோற்று ஐரோப்பாவுக்குக் கப்பலேறிவிட்டார்கள். அவர்கள் நிலங்களை லண்டன் அரசு பறிமுதல் செய்து, 1609-லிருந்து ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்திலும் இருந்து குடியானவர்களைக் கொண்டுவந்து அங்கே குடியேற்றியது. வந்தவர்கள் புராட்டஸ்டண்டுகள், ஏற்கெனவே இருந்தவர்கள் கத்தோலிக்கர்கள். ஆக, யார் எந்தச் சபை என்பது யாருடைய நிலம் யார் கைக்குப் போனது என்பதற்கான அடையாளமாகவும் ஆகிவிட்டது. பைபிளுக்கு எப்படிப் பொருள் சொல்வது என்று யாரும் முந்நூறு வருடம் அடித்துக்கொள்ளவில்லை. நிலம், வேலை, ஓட்டு, யார் ஆட்சி என்பதில்தான் மோதல், மதம் அந்தக் கோட்டை அடையாளம் காட்டியது. 1690-ல் பாய்ன் நதிக்கரையில் புராட்டஸ்டண்ட் அரசர் வில்லியம் கத்தோலிக்கரான இரண்டாம் ஜேம்ஸைத் தோற்கடித்ததை வட அயர்லாந்தில் இன்றும் ஜூலை 12 அன்று ஊர்வலம் போய்க் கொண்டாடுகிறார்கள்.

ஆனால் இந்தக் கோடு எப்போதும் நேராக ஓடியது என்று நினைத்துவிடாதீர்கள். 1791-ல் பெல்ஃபாஸ்டில் ஐக்கிய ஐரிஷ் சங்கத்தைத் தொடங்கியவர்களில் பெரும்பாலோர் பிரஸ்பிட்டீரியன் என்ற பிரிவைச் சேர்ந்த புராட்டஸ்டண்டுகள். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1798 கிளர்ச்சியின் முகமாக இருந்த வுல்ஃப் டோனும் புராட்டஸ்டண்ட்தான், பின்னால் சுயாட்சிக் கோரிக்கையை உச்சத்துக்குக் கொண்டுபோன பார்னெலும் புராட்டஸ்டண்ட்தான்.

அந்த 1798 கிளர்ச்சியை நசுக்கிய கையோடு, 1801 ஜனவரி 1 முதல் டப்ளின் நாடாளுமன்றத்தை மூடி அயர்லாந்தை லண்டனோடு இணைத்தார்கள். இணைப்பு என்றால் சமமாக நடத்துவார்கள் என்று நம்பியவர்கள் 1845-ல் தொடங்கிய பஞ்சத்தில் உண்மையைப் பார்த்தார்கள். உருளைக்கிழங்குப் பயிர் அழுகியது, சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள், அதைவிட அதிகம் பேர் நாட்டைவிட்டே போனார்கள், அதே நேரத்தில் அயர்லாந்துத் துறைமுகங்களிலிருந்து தானியமும் மாடுகளும் இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்தன. 1841-ல் 80 லட்சத்துக்கு மேல் இருந்த மக்கள்தொகை பிறகு அந்த அளவை எட்டவே இல்லை. 'லண்டன் நம்மை ஆளக் கூடாது' என்ற எண்ணம் கத்தோலிக்கப் பெரும்பான்மையிடம் ஆழமாகப் போனதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

இதே காலத்தில் வடகிழக்கில் வேறொரு கதை ஓடியது. பெல்ஃபாஸ்ட் லினன் ஆலைகளாலும் கப்பல் கட்டும் தளங்களாலும் வளர்ந்தது. டைட்டானிக் கட்டப்பட்டது அங்கேதான். அந்த ஊரின் சரக்கு பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் முழுக்கப் போனது. அங்கிருந்த புராட்டஸ்டண்ட் தொழிலாளிக்கும் முதலாளிக்கும் லண்டனோடு இருப்பதில் சோறும் இருந்தது, பாதுகாப்பும் இருந்தது. பிரிட்டனோடு ஒன்றாகவே இருக்க வேண்டும் என்ற இவர்களை யூனியனிஸ்டுகள் என்பார்கள். எதிர்ப்பக்கம் தேசியவாதிகள்.

தேசியவாதிகள் அப்போது கேட்டது முழு விடுதலைகூட இல்லை. ஹோம் ரூல், அதாவது உள்நாட்டு விஷயங்களுக்கு டப்ளினில் ஒரு நாடாளுமன்றம், ராணுவமும் வெளியுறவும் லண்டனிடமே. பிரதமர் கிளாட்ஸ்டன் 1886-ல் ஒரு மசோதா கொண்டுவந்தார், கீழவையில் தோற்றது. 1893-ல் இன்னொன்று, அதை மேலவையான பிரபுக்கள் சபை தடுத்தது. (1916-ல் சென்னையில் அன்னி பெசன்ட் தொடங்கிய ஹோம் ரூல் லீகின் பெயரும் யோசனையும் இங்கிருந்துதான் வந்தன, அவரும் ஐரிஷ் வம்சாவளிதான்.) 1911-ல் பிரபுக்கள் சபையின் தடுக்கும் அதிகாரம் வெட்டப்பட்டு, இனிமேல் தாமதப்படுத்த மட்டுமே முடியும் என்று ஆனது. அப்படியானால் 1912-ல் வந்த மூன்றாவது மசோதா எப்படியும் சட்டமாகிவிடும். யூனியனிஸ்டுகளுக்கு நிஜமான பயம் வந்தது அப்போதுதான்.

அவர்கள் கணக்கைக் கொஞ்சம் அவர்கள் இடத்திலிருந்தே பாருங்கள். பிரிட்டனும் அயர்லாந்தும் சேர்ந்த ஐக்கிய ராஜ்ஜியம் முழுவதையும் எண்ணினால் அவர்கள் பெரும்பான்மையோடு இருக்கிறார்கள். டப்ளினில் நாடாளுமன்றம் வந்து தீவை மட்டும் எண்ணினால் அவர்கள் கால்வாசிச் சிறுபான்மை. ஆட்கள் அதே ஆட்கள்தான், வீடு அதே வீடுதான், எண்ணும் எல்லை மாறியதும் நிலைமையே தலைகீழ். கத்தோலிக்கத் திருச்சபையின் பிடியில் ஆட்சி போய்விடும் என்ற அச்சமும் சேர்ந்துகொண்டது. 1912 செப்டம்பர் 28 அன்று பெல்ஃபாஸ்ட் நகர மன்றத்தில் யூனியனிஸ்ட் தலைவர் எட்வர்ட் கார்சன் முதல் ஆளாகக் கையெழுத்திட, ஹோம் ரூலை எதிர்ப்போம் என்ற உறுதிமொழியில் ஆணும் பெண்ணுமாகக் கிட்டத்தட்ட 5 லட்சம் பேர் கையெழுத்துப் போட்டார்கள். அடுத்த ஜனவரியில் அல்ஸ்டர் தொண்டர் படை, 1914 ஏப்ரலில் லார்ன் துறைமுகம் வழியாக ஆயிரக்கணக்கான துப்பாக்கிகள் கள்ளத்தனமாக இறங்கின. தேசியவாதிகளும் சும்மா இருக்கவில்லை, அவர்களும் படை திரட்டி ஆயுதம் இறக்கினார்கள். 1914 கோடையில் உள்நாட்டுப் போர் வாசலில் நின்றது. அதற்குள் ஐரோப்பாவே போருக்குப் போய்விட்டது; ஹோம் ரூல் செப்டம்பரில் சட்டமாகி, அன்றே போர் முடியும்வரை என்று கிடப்பில் போடப்பட்டது.

கார்சன் டப்ளின்காரர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவருக்குப் பிரிவினை வேண்டியிருக்கவில்லை, முழுத் தீவும் பிரிட்டனோடு இருக்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. அல்ஸ்டரை முன்னிறுத்தினால் ஹோம் ரூலே செத்துவிடும் என்று கணக்குப் போட்டார். எதிர்ப்பக்கத்துக்கோ முழுத் தீவும் ஒன்றாக விடுதலை பெற வேண்டும். ஆக, பிரிவினை இரண்டு பேருக்குமே முதல் விருப்பம் கிடையாது.

1916 ஏப்ரல் 24, ஈஸ்டர் திங்கள். டப்ளினின் தலைமைத் தபால் நிலையத்தைக் கைப்பற்றி அதன் வாசலில் நின்று பாட்ரிக் பியர்ஸ் அயர்லாந்துக் குடியரசுப் பிரகடனத்தை வாசித்தார். ஒரு வாரத்துக்குள் கிளர்ச்சி அடங்கிவிட்டது. செத்தவர்களில் பாதிக்கு மேல் பொதுமக்கள், டப்ளின் ஜனங்களில் பலர் கிளர்ச்சிக்காரர்கள் மேல் கோபமாகவே இருந்தார்கள். அந்தக் கோபத்தைத் தலைகீழாக்கியது பிரிட்டிஷ் ராணுவம்தான். பிடிபட்ட தலைவர்களை மே 3 முதல் 12 வரை விட்டு விட்டுச் சுட்டுக் கொன்றார்கள், மொத்தம் 15 பேர். காயத்தால் நிற்க முடியாத ஜேம்ஸ் கானலியை நாற்காலியில் உட்கார வைத்துச் சுட்டார்கள். பின்னாளில் இந்தியக் குடியரசுத் தலைவரான வி. வி. கிரி அந்த நேரத்தில் டப்ளினில் சட்டம் படித்துக்கொண்டிருந்தார், கிளர்ச்சிக்குப் பிறகு அவரையும் வெளியேறச் சொல்லி உத்தரவு வந்தது. அதே வருடம் ஜூலை 1, பிரான்சின் சோம் போர்க்களத்தில் அல்ஸ்டர் டிவிஷன், பெரும்பாலும் அந்த உறுதிமொழியில் கையெழுத்திட்ட அதே இளைஞர்கள், முதல் இரண்டு நாளில் ஏறக்குறைய 5,500 பேரைச் சாவிலும் காயத்திலும் இழந்தது. ஒரு தீவு, ஒரே வருடம், இரண்டு தியாகங்கள், இரண்டும் எதிரெதிர் விசுவாசத்துக்கு. 1916-க்குப் பிறகு சமரசம் பேச வந்தவர்கள் எல்லாரும் இந்த இரண்டு கல்லறைகளுக்கு நடுவே நின்றுதான் பேச வேண்டியிருந்தது.

1918 டிசம்பர் தேர்தலில் முழு விடுதலை கேட்ட ஷின் ஃபெயின் கட்சி அயர்லாந்தின் 105 இடங்களில் 73-ஐ வென்றது. வென்றவர்கள் லண்டனுக்குப் போகவில்லை, 1919 ஜனவரி 21 அன்று டப்ளினிலேயே சொந்த நாடாளுமன்றத்தைக் கூட்டினார்கள். 32 கவுண்டிகளையும் எண்ணினால் தீர்ப்பு சந்தேகத்துக்கு இடமில்லாதது. ஆனால் அதே தேர்தலில் வடகிழக்கு மூலையை மட்டும் தனியாக எண்ணினால் யூனியனிஸ்டுகள் வென்றிருந்தார்கள். இரண்டு பக்கமும் 'ஜனநாயகம் எங்கள் பக்கம்' என்று சொன்னது, இரண்டுமே பொய் சொல்லவில்லை.

அடுத்த இரண்டரை வருடம் கெரில்லாப் போர். அது நடந்துகொண்டிருக்கும்போதே லண்டன் 1920 டிசம்பரில் ஒரு சட்டம் போட்டது, தீவுக்கு இரண்டு நாடாளுமன்றங்கள், வடக்குக்கு ஒன்று, தெற்குக்கு ஒன்று. இங்கேதான் 9-ஆ 6-ஆ என்ற கேள்வி வந்தது. லண்டன் மந்திரிகள் முதலில் யோசித்தது அல்ஸ்டரின் 9 கவுண்டிகளையும் வடக்காக வைப்பது. வரலாற்று மாகாணம், கத்தோலிக்கரும் கணிசமாக இருப்பார்கள், ஒருநாள் இரண்டும் சேர வழி இருக்கும் என்பது அவர்கள் எண்ணம். யூனியனிஸ்டுகள் கணக்கைப் பார்த்தார்கள். 9 கவுண்டி என்றால் புராட்டஸ்டண்டுகள் 56 சதவீதம் அளவில்தான், ஒரு தேர்தலில் கால் வழுக்கினால் போச்சு. டொனகல், கேவன், மோனஹன் மூன்றையும் விட்டுவிட்டு 6-ஐ எடுத்தால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. ஆன்ட்ரிம், டவுன், ஆர்மா, டெரி, டைரோன், ஃபெர்மானா. 1920 மார்ச்சில் அல்ஸ்டர் யூனியனிஸ்ட் கவுன்சில் 6-ஐ ஏற்றுக்கொண்டது.

விடப்பட்ட மூன்று கவுண்டிகளில் இருந்த யூனியனிஸ்டுகளும் 1912-ல் அதே உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டவர்கள்தான். உயிருள்ளவரை ஒன்றாக நிற்போம் என்று சொன்னவர்களைச் சொந்தக் கூட்டாளிகளே எண்ணிக்கைக்காகக் கழற்றி விட்டார்கள். மறுபக்கம், டைரோனிலும் ஃபெர்மானாவிலும் கத்தோலிக்கர்கள்தான் பெரும்பான்மை. 4 கவுண்டிகளில் மட்டும் உறுதியான புராட்டஸ்டண்ட் பெரும்பான்மை என்றாலும், 4 தனியாக ஓர் அரசாகத் தாக்குப்பிடிக்காது என்று இந்த இரண்டையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆகப் பெரும்பான்மை தோற்காத அளவுக்குச் சிறியதாகவும், நாடு நடத்த முடிகிற அளவுக்குப் பெரியதாகவும் ஒரு பரப்பு. அந்த எல்லையின் தர்க்கம் இவ்வளவுதான். தீவின் ஆக வடக்கு முனையான மாலின் ஹெட் டொனகலில் இருக்கிறது என்பதால் இன்றும் அது 'தெற்கில்' சேர்ந்தது.

1921 மே 3 அன்று பிரிவினை அமலுக்கு வந்தது, ஜூன் 22-ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெல்ஃபாஸ்டில் வடக்கு நாடாளுமன்றத்தைத் திறந்து வைத்தார். ஷின் ஃபெயினோடு போர்நிறுத்தம் ஜூலை 11-ல்தான். தேதி வரிசையைக் கவனியுங்கள். இந்தியாவில் விடுதலையும் பிரிவினையும் ஒரே நேரத்தில் வந்தன. அயர்லாந்தில் பிரிவினை முதலில் முடிந்துவிட்டது, விடுதலைப் பேச்சுவார்த்தை அதற்கப்புறம். ஷின் ஃபெயின் தலைவர் டி வலேராவின் ஆட்கள் லண்டனில் மேஜைக்கு வந்தபோது பெல்ஃபாஸ்டில் ஓர் அரசாங்கம் ஏற்கெனவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது.

1921 டிசம்பர் 6 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. மைக்கேல் காலின்ஸும் ஆர்தர் கிரிஃபித்தும் டப்ளின் தரப்பில் கையெழுத்திட்டவர்களில் முக்கியமானவர்கள். போடாவிட்டால் மறுபடியும் போர் என்று பிரதமர் லாயிட் ஜார்ஜ் மிரட்டியிருந்தார். கிடைத்தது கனடாவுக்கு இருந்தது மாதிரி ஒரு டொமினியன் அந்தஸ்து, அதாவது மன்னரைத் தலைவராக ஏற்ற தன்னாட்சி, பெயர் ஐரிஷ் சுதந்திர அரசு. நாடாளுமன்ற உறுப்பினர்கள் பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசமாக இருப்பதாகப் பிரமாணம் எடுக்க வேண்டும், மூன்று துறைமுகங்கள் பிரிட்டிஷ் கடற்படையிடம் இருக்கும், வடக்கு விரும்பினால் விலகிக்கொள்ளலாம். இது கடைசி விடுதலை இல்லை, அதை அடைவதற்கான விடுதலை என்று காலின்ஸ் வாதாடினார். டப்ளின் நாடாளுமன்றம் 64-க்கு 57 என்று ஏற்றுக்கொண்டது, தோற்ற பக்கம் ஏற்க மறுத்தது, 1922 ஜூனில் உள்நாட்டுப் போர். ஆகஸ்ட் 22-ல் காலின்ஸை அவர் பிறந்த கார்க் கவுண்டியிலேயே சுட்டுக் கொன்றார்கள். நேற்றுவரை ஒரே படையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் கொன்றதும், புதிய அரசு 70-க்கும் மேற்பட்ட கைதிகளை மரண தண்டனைக்கு அனுப்பியதும் அந்த நாட்டில் தலைமுறைகளுக்குப் பேச முடியாத காயமாக இருந்தன.

அந்தப் போர் எதற்காக என்று கேட்டால், பிரிவினைக்காக என்று பலரும் நினைப்பார்கள். அந்த விவாதங்களைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும், பேசியதில் பெரும்பகுதி மன்னருக்கான பிரமாணத்தைப் பற்றித்தான், வடக்கைப் பற்றி மிகக் கொஞ்சம். டி வலேரா வைத்த மாற்று வரைவில்கூட வடக்கு சம்பந்தமான பகுதி ஏறக்குறைய ஒப்பந்தத்தில் இருந்ததேதான். முதல் கேள்விக்காக ஒருவரையொருவர் கொன்றார்கள், இரண்டாவது கேள்வியை ஒரு கமிஷனிடம் ஒப்படைத்துவிட்டார்கள்.

ஒப்பந்தத்தின் 12-ஆம் பிரிவு சொன்ன எல்லைக் கமிஷன்தான் அது. வடக்கு விலகினால், அங்கே வாழ்கிறவர்களின் விருப்பப்படி, பொருளாதாரமும் நில அமைப்பும் இடம் கொடுக்கிற அளவுக்கு, கோட்டைத் திருத்தி வரைவார்கள். காலின்ஸ் தரப்பு இதை நம்பியது: டைரோனும் ஃபெர்மானாவும் தெற்குக்கு வந்துவிடும், மிச்சம் இருப்பது தனியாக நிற்க முடியாமல் தானாக வந்து சேரும். 1922 டிசம்பர் 6-ல் சுதந்திர அரசு அமைந்ததும், வடக்கு அடுத்த நாளே அதிலிருந்து விலகியது. கமிஷனுக்கு ஆள் அனுப்பவும் மறுத்தது, அதன் சார்பில் லண்டனே ஒருவரை நியமித்தது. தலைவராக வந்த தென்னாப்பிரிக்க நீதிபதி ஃபீதம், மக்கள் விருப்பத்தைவிட அந்த 'இடம் கொடுக்கிற அளவுக்கு' என்ற நிபந்தனையைப் பெரிதாக எடுத்துக்கொண்டார். 1925 நவம்பரில் அறிக்கை ஒரு லண்டன் பத்திரிகையில் கசிந்தது. பெரிய மாற்றம் எதுவும் இல்லை, போதாக்குறைக்குக் கிழக்கு டொனகலில் ஒரு பகுதி வடக்குக்குப் போகும் என்றிருந்தது. டப்ளினின் பிரதிநிதி ராஜினாமா செய்தார், மூன்று அரசுகளும் அவசரமாகக் கூடி, இருக்கிற கோடே இருக்கட்டும் என்று டிசம்பரில் கையெழுத்துப் போட்டன. பதிலுக்கு டப்ளின் பிரிட்டிஷ் அரசுக் கடனில் தன் பங்கைக் கட்ட வேண்டியதில்லை என்று ஆனது. அறிக்கையை 1969 வரை வெளியிடவே இல்லை. டைரோனில் மூன்று வருடமாக 'எங்கள் ஊர் எப்போது அந்தப் பக்கம் போகும்' என்று காத்திருந்த மக்களுக்கு இதைவிடப் பெரிய துரோகம் இருக்க முடியாது என்பதே என் எண்ணம்.

அந்தக் கோடு தரையில் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். பழைய கவுண்டி எல்லைகள் எங்கோ ஓடையிலும் பண்ணை வேலியிலும் வளைந்து வளைந்து போனவை, ஒரு சர்வதேச எல்லைக்காக யாரும் போட்டவை இல்லை. பெட்டிகோ என்ற கிராமத்தின் நடுவில் ஓடும் சிறு ஆறுதான் எல்லை. பாலத்துக்கு ஒரு பக்கம் டொனகல், மறுபக்கம் ஃபெர்மானா. மோனஹனின் குளோன்ஸ் ஊரிலிருந்து கேவன் பக்கம் போகிற சாலை சில மைல்களுக்குள் எல்லையை நான்கு முறை தாண்டுகிறது. 1923 ஏப்ரல் 1 முதல் அந்தக் கோட்டில் சுங்கச் சாவடிகள் வந்தன, சந்தைக்கு மாடு ஓட்டிப் போகிறவனும் காகிதம் காட்ட வேண்டியதாயிற்று. பின்னால் 1960-களின் கடைசியில் தொடங்கிய மோதல் காலத்தில் பிரிட்டிஷ் ராணுவம் பல சிறு சாலைகளைக் குண்டு வைத்துப் பிளந்தும் கான்கிரீட் கட்டைகள் வைத்தும் அடைத்தது, வயல் ஒரு பக்கமும் தேவாலயம் மறுபக்கமும் ஆனவர்கள் ஊரைச் சுற்றிப் போனார்கள்.

தெற்கின் கதை சுருக்கமாகச் சொல்லிவிடலாம், காலின்ஸ் சொன்னபடியே படிப்படியாக நடந்தது. 1932-ல் ஆட்சிக்கு வந்த டி வலேரா பிரமாணத்தை ஒழித்தார், 1937-ல் புதிய அரசமைப்பு (நம் அரசமைப்பின் அரசு நெறிமுறைக் கோட்பாடுகள் அதைப் பார்த்து எழுதப்பட்டவை), 1938-ல் துறைமுகங்கள் திரும்பக் கிடைத்தன, 1949 ஏப்ரல் 18-ல் முழுக் குடியரசு. ஆனால் அந்த 1937 அரசமைப்பு முழுத் தீவையும் தன் தேசம் என்று உரிமை கொண்டாடிக்கொண்டே, கத்தோலிக்கத் திருச்சபைக்கு விசேஷ இடமும் விவாகரத்துக்குத் தடையும் கொடுத்தது. வடக்கின் புராட்டஸ்டண்டுகள் 1912-ல் எதற்குப் பயந்தார்களோ அதை டப்ளின் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தது.

வடக்கில் நடந்தது இன்னும் மோசம். 1920 ஜூலையில் பெல்ஃபாஸ்ட் கப்பல் தளங்களிலிருந்து ஆயிரக்கணக்கான கத்தோலிக்கத் தொழிலாளர்களை விரட்டியடித்தார்கள், அடுத்த இரண்டு வருடத்தில் அந்த நகரத்தில் மட்டும் 400-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பிறகு ஐம்பது வருடம் ஒரே கட்சி ஆட்சி. டெரி நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: மக்களில் கத்தோலிக்கர்கள்தான் தெளிவான பெரும்பான்மை. அவர்களில் பெரும்பாலோரை ஒரே வார்டுக்குள் அடைத்து அதற்கு 8 இடம், மற்ற இரண்டு வார்டுகளுக்கு 8-ம் 4-ம். 1960-களில் நகர மன்றத்தில் யூனியனிஸ்டுகள் 12, தேசியவாதிகள் 8. உள்ளூர் ஓட்டு வீட்டுக்குடியிருப்போடு கட்டப்பட்டிருந்ததால், ஒரு கத்தோலிக்கக் குடும்பத்துக்கு அரசு வீடு கொடுத்தால் ஓட்டும் கொடுத்ததாகும், ஆகவே வீடே கொடுக்க மாட்டார்கள். 1968 ஜூனில் டைரோனின் காலிடன் கிராமத்தில் கத்தோலிக்கக் குடும்பத்தை வெளியேற்றிவிட்டு, பக்கத்து வீட்டை 19 வயதுத் தனி ஆளான ஒரு புராட்டஸ்டண்ட் பெண்ணுக்கு ஒதுக்கினார்கள். வடக்கு நாடாளுமன்ற உறுப்பினர் ஆஸ்டின் கரி அந்த வீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். குடிமை உரிமை இயக்கம் சூடு பிடித்தது அங்கிருந்துதான். அவர்கள் அப்போது கேட்டது எல்லையை அழிக்கச் சொல்லி இல்லை. வீடு, வேலை, ஆளுக்கு ஒரு ஓட்டு.

அக்டோபரில் டெரி ஊர்வலத்தைப் போலீஸ் தடியால் அடித்தது, 1969 ஆகஸ்டில் பிரிட்டிஷ் ராணுவம் தெருவில் இறங்கியது, 1972 ஜனவரி 30-ல் அதே ஊரில் அந்த ராணுவம் நிராயுதபாணிகள் 13 பேரை அன்றே சுட்டுக் கொன்றது. அவர்கள் யாருக்கும் அச்சுறுத்தலாக இல்லை என்ற விசாரணை முடிவையும் பிரிட்டிஷ் பிரதமரின் மன்னிப்பையும் கேட்க அந்தக் குடும்பங்கள் 2010 வரை காத்திருந்தன. முப்பது வருடத்தில் சுமார் 3,500 பேர் செத்தார்கள், பாதிக்கு மேல் பொதுமக்கள். கொன்றதில் பாதிக்கு மேல் ஐ.ஆர்.ஏ. (ஐரிஷ் குடியரசுப் படை) போன்ற, தீவு ஒன்றாக வேண்டும் என்ற குடியரசுவாத ஆயுதக் குழுக்கள், மீதி யூனியனிஸ்ட் பக்கத்து ஆயுதக் குழுக்களும் அரசுப் படைகளும். இதில் யாரையும் கழுவி எடுத்துப் பேச எனக்கு மனசு வரவில்லை.

1973 மார்ச்சில் வடக்கில் மட்டும் ஒரு வாக்கெடுப்பு நடத்திப் பார்த்தார்கள். பிரிட்டனோடு இருக்கவே 98.9 சதவீதம். தேசியவாதிகள் அதைப் புறக்கணித்துவிட்டார்கள், ஏனென்றால் 6 கவுண்டியை மட்டும் எண்ணும் அந்த எல்லையே அவர்களுக்கு ஏற்பில்லை. அந்த 98.9 எதையும் தீர்க்கவில்லை.

1998 ஏப்ரல் 10, பெரிய வெள்ளி ஒப்பந்தம். நான் இதைப் பெரிதாக மதிப்பதற்குக் காரணம், எண்ணும் எல்லை எது என்ற கேள்விக்கு அது நேராகப் பதில் சொன்னதுதான். வடக்கில் பெரும்பான்மை விரும்பும்வரை வடக்கு பிரிட்டனோடு இருக்கும். அந்தப் பெரும்பான்மை மாறினால், தெற்கும் சம்மதித்தால், தீவு ஒன்றாகும், லண்டன் வழிவிட வேண்டும். ஒற்றுமை வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் தனித்தனியாக ஆம் சொல்ல வேண்டும், ஆக 6 கவுண்டி எல்லையைத் தேசியவாதிகள் ஒப்புக்கொண்டார்கள், தீவு மக்களுக்கே முடிவெடுக்கும் உரிமை என்பதை லண்டனும் யூனியனிஸ்டுகளும் ஒப்புக்கொண்டார்கள். வடக்கில் பிறந்தவர் தன்னை பிரிட்டிஷ் என்றோ ஐரிஷ் என்றோ இரண்டும் என்றோ சொல்லிக்கொள்ளலாம், இரண்டு பாஸ்போர்ட்டும் வைத்துக்கொள்ளலாம். அரசாங்கத்தை இரண்டு தரப்பும் சேர்ந்தேதான் நடத்த முடியும். டப்ளின் தன் அரசமைப்பிலிருந்த நில உரிமைக் கோரிக்கையை விட்டுக்கொடுத்தது. மே 22 அன்று இரண்டு பக்கமும் ஒரே நாளில் ஓட்டுப் போட்டார்கள், வடக்கில் 71 சதவீதம், தெற்கில் 94 சதவீதம் ஆம். 1918-க்குப் பிறகு முழுத் தீவும் ஒரே நாளில் இந்த விஷயத்துக்காக ஓட்டுப் போட்டது அப்போதுதான். அந்த ஆகஸ்டிலேயே ஒப்பந்தத்தை ஏற்காத ஒரு குழு ஓமா நகரில் குண்டு வைத்து 29 பேரைக் கொன்றது. அப்படியும் ஒப்பந்தம் உடையவில்லை.

பிறகு 2016-ல் பிரெக்ஸிட், அதாவது ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலகுவதா என்ற வாக்கெடுப்பு. வட அயர்லாந்தில் 55.8 சதவீதம் பேர் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கவே ஓட்டுப் போட்டார்கள், ஆனால் எண்ணிய எல்லை ஐக்கிய ராஜ்ஜியம் முழுவதும், ஆகவே அவர்களும் வெளியே. சாவடி எதுவும் இல்லாமல் இருந்த அந்த 500 கிலோமீட்டர் திடீரென்று ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளி எல்லை ஆகிவிட்டது. 200-க்கும் மேற்பட்ட சாலைகளில் மறுபடி சாவடி போட யாருக்கும் துணிவில்லை, போடவும் கூடாது; அதனால் சரக்குச் சோதனையைக் கடலுக்குத் தள்ளி, பிரிட்டனுக்கும் வட அயர்லாந்துக்கும் இடையே வைத்தார்கள். இப்போது யூனியனிஸ்டுகள், எங்களைச் சொந்த நாட்டிலிருந்தே பிரித்துவிட்டீர்கள் என்கிறார்கள், அந்த வருத்தத்தையும் சும்மா ஒதுக்கிவிட முடியாது.

2021 கணக்கெடுப்பில் வடக்கில் கத்தோலிக்கப் பின்னணி உள்ளவர்கள் 45.7 சதவீதம், புராட்டஸ்டண்ட் பின்னணி 43.5 சதவீதம். கோடு போட்டபோது பார்த்த மூன்றில் இரண்டு பங்கு கரைந்துவிட்டது. 2024 பிப்ரவரியில் ஷின் ஃபெயினின் மிஷெல் ஓ'நீல் வட அயர்லாந்தின் முதலமைச்சர் ஆனார், தேசியவாதிகளில் முதல் ஆள். இதை வைத்து நாளைக்கே தீவு ஒன்றாகிவிடும் என்று எழுதுகிறவர்களை நம்பாதீர்கள். கத்தோலிக்கப் பின்னணி உள்ளவர்கள் எல்லாரும் ஒற்றுமைக்கு ஓட்டுப் போடுவார்கள் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை, இரண்டு அணியிலும் சேராத அலையன்ஸ் கட்சியின் ஆதரவாளர்கள் வேறு கணிசமாக வளர்ந்திருக்கிறார்கள்.

சட்டப்படி, ஒற்றுமைக்குப் பெரும்பான்மை கிடைக்கும் என்று தோன்றினால் வாக்கெடுப்பு நடத்த வேண்டியது லண்டனின் வட அயர்லாந்து அமைச்சர். ஒன்று தோற்றால் அடுத்ததற்கு 7 வருடம் காத்திருக்க வேண்டும். அப்படித் தோன்றுவதை எதை வைத்து அளப்பது என்று சட்டம் சொல்லவில்லை, கருத்துக்கணிப்பா, தேர்தல் முடிவா, எதுவும் இல்லை. ஒன்றானால் பிரிட்டனின் இலவச மருத்துவம் என்ன ஆகும், பெல்ஃபாஸ்டில் தனி நாடாளுமன்றம் தொடருமா, எந்தக் கொடி, பிரிட்டிஷ்காரராகவே இருக்க விரும்பும் லட்சக்கணக்கானவர்களுக்கு அந்தப் புதிய நாட்டில் என்ன உத்தரவாதம், இவை எல்லாவற்றுக்கும் இன்னும் பதில் எழுதப்படவில்லை. பதிலை எழுதிவிட்டு வாக்கெடுப்பா, வாக்கெடுப்பை நடத்திவிட்டுப் பதிலா என்பதில்தான் டப்ளினிலும் பெல்ஃபாஸ்டிலும் இப்போது வாதம் நடக்கிறது. 1921-ல் எல்லைக் கேள்வியைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று கமிஷனிடம் தள்ளியதையும், 2016-ல் திட்டம் எதுவும் இல்லாமல் ஓட்டுப் போட்டதையும் பார்த்த பிறகு, பதில்தான் முதலில் வர வேண்டும் என்பவர்கள் பக்கம் நான் நிற்கிறேன்.